பவளப் பாறைக்குத் தாடி முளைத்தால்...

கூடத்தில் ஒரு சிறு சமுத்திரம் வைத்துக்கொள்ள வேண்டுமென்று ஆசைப்பட்டீர்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. கண்ணாடித் தொட்டி வாங்கினீர்கள். உப்பு வாங்கினீர்கள், சமையல் உப்பு அல்ல, கடல் நீரில் உள்ள சரக்குகளையெல்லாம் கணக்குப் பார்த்துக் கலந்த உப்பு. பம்பு, விளக்கு, பாறை எல்லாம் வந்து சேர்ந்தன. கடைசியில் ஆரஞ்சு நிற உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டும் வந்தன. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மாப்பிள்ளையின் ரசனையை மாமனார் வீட்டார் கூட மெச்சினார்கள். மாமனார் வீட்டார் மெச்சுவதென்றால் சாமானியமான காரியமா?

மூன்று மாதம் ஆயிற்று. ஒரு நாள் காலையில் காப்பியும் கையுமாக வந்த வீட்டு அம்மாள் தொட்டியைப் பார்த்துவிட்டு, "இதென்ன கூத்து! பாறைக்குத் தாடி முளைத்திருக்கிறதே!" என்கிறாள்.

உண்மைதான். பாறை மேல் பச்சைப் பசேலென்று ஒரு விரற்கடை நீளத்துக்குத் தாடி! நீரோட்டத்தில் அது அப்படியும் இப்படியும் அசைகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு பல் துலக்கும் பிரஷ்ஷினால் தேய்த்துத் தேய்த்து அதை எடுக்கிறீர்கள். திங்கட்கிழமை தொட்டி பளிச்சென்று இருக்கிறது. வியாழக்கிழமை பார்த்தால் மறுபடியும் தாடி. ஷவரம் செய்துகொண்ட மனிதருக்கு மறுநாள் முளைப்பதில்லையா, அந்த மாதிரி.

கடல் நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் இந்தச் சங்கடத்துக்குத் தப்பியவர்கள் அபூர்வம். பலர் இந்தக் கட்டத்தில்தான் வெறுத்துப்போய்த் தொட்டியை விற்றுவிடுகிறார்கள். அதற்குள் தாடி பவளங்களின் மேல் ஏறி மூடி, வெளிச்சம் கிடைக்காமல் அவற்றைக் கொன்றும் விடுகிறது. எங்கோ ஒரு கடலிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பிரயாணம் செய்து வந்த ஜீவன்கள், ஒரு கூடத்தின் மூலையில் பாசிக்கு அடியில் மூச்சடங்குவது பரிதாபம் அல்லவா? ஆகையால் தொட்டியை விற்பதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

பிரஷ் எடுத்துத் தேய்ப்பது, அடுப்பில் தீ எரிந்துகொண்டிருக்கும்போது பொங்குகிற பாலை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பது போன்றது. தீயைத் தணிக்க வேண்டும். இங்கே தீ என்பது என்ன? இரண்டே இரண்டு பொருள்கள்: நைட்ரேட், பாஸ்பேட். வயலுக்குப் போடும் உரத்தில் என்ன இருக்கிறதோ அதேதான். பவளப் பாறைகள் வளரும் வெப்பக் கடல்களில் இந்த உரம் மகா தரித்திரம். அங்கே ஒரு லிட்டர் தண்ணீரில் நைட்ரேட் ஒரு மில்லிகிராம் கூட இராது. பாஸ்பேட்டோ அதிலும் நூற்றில் சில பங்குதான். அந்தத் தரித்திரத்தில் வாழப் பழகியவை பவளங்கள். நம் கூடத்துச் சமுத்திரத்திலோ செல்வம் கொழிக்கிறது.

செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? நீங்கள் போட்டதுதான்! ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். உலர்ந்த மீன் தீனியில் சுமார் நூற்றுக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் உண்டு. ஒரு கிராம் தீனியில் பத்து மில்லிகிராம். அது பாஸ்பேட்டாக மாறும்போது, பிராணவாயுவும் சேர்ந்துகொள்வதால் முப்பது மில்லிகிராம் ஆகிவிடும். உங்கள் தொட்டியில் இருநூறு லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கிராம் தீனி முழுவதும் கரைந்தால் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் பாஸ்பேட். பவளத் தொட்டியில் இருக்கலாம் என்று அனுபவஸ்தர்கள் ஒப்புக்கொள்வது 0.03-லிருந்து 0.1 வரைக்கும்தான்! மீன் தன் உடம்பில் கொஞ்சம் வைத்துக்கொள்ளும் என்பது வாஸ்தவம். ஆனால் மிச்சமெல்லாம் கழிவாக வெளியே வந்துவிடும். "ஐயோ பாவம், பசிக்கிறது போலிருக்கிறதே!" என்று காலையில் அப்பா ஒரு சிட்டிகை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையன் ஒரு சிட்டிகை, இரவு பாட்டி ஒரு சிட்டிகை. மீன் என்ன, போதும் என்று கையால் மறைக்கவா போகிறது?

ஆகவே முதல் வைத்தியம் பத்தியம். தீனி போடும் பொறுப்பு வீட்டில் ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். இரண்டு நிமிஷத்துக்குள் மீன்கள் தின்று தீர்க்கிற அளவு போதும். உறைய வைத்த தீனியானால் அதை ஒரு வடிகட்டியில் போட்டுக் கரைய விட்டு, அந்தத் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள்.

குழாய்த் தண்ணீரின் குற்றம்

இரண்டாவது குற்றவாளி குழாய்த் தண்ணீர். தொட்டியிலிருந்து நாள்தோறும் தண்ணீர் ஆவியாகிறது. நம் ஊர்க் கோடையில் கேட்கவே வேண்டாம். அதை ஈடு கட்ட ஒரு செம்பு குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறீர்கள். ஆவியாகிப் போவது சுத்த ஜலம். நீங்கள் ஊற்றுவதோ உப்பும் மணல் சத்தும் நைட்ரேட்டும் கலந்த ஜலம். வெந்நீர் அண்டாவின் அடியில் வருஷக்கணக்கில் வெள்ளையாகப் படிகிறதே, அதே மாதிரி இங்கேயும் ஒவ்வொரு செம்பும் தன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரானால் மூட்டை இன்னும் கனம்.

சவ்வு வைத்து வடிகட்டி, அதன் பிறகு பிசின் மணிகளில் செலுத்திச் சுத்தம் செய்த தண்ணீரைத்தான் கடல் தொட்டிக்கு உபயோகிக்க வேண்டும். குடிப்பதற்கு வீட்டில் வைத்திருக்கும் சுத்திகரிப்புக் கருவி போதாதா என்று கேட்பீர்கள். சவ்வு அதே சவ்வுதான். ஆனால் ருசிக்காகக் கடைசியில் உப்புச் சேர்க்கும் கருவிகள் பல உண்டு. அந்தத் தண்ணீர் நமக்கு நல்லது, தொட்டிக்கு ஆகாது. தண்ணீரில் கரைந்த பொருளை அளந்து காட்டும் பேனா மாதிரி ஒரு சின்னக் கருவி சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. அதில் பூஜ்யம் காட்ட வேண்டும்.

வாரம் ஒரு முறை நூற்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீரை மாற்றுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அதிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கிறது என்றால், பத்துப் பங்கு மாற்றியதும் 36 ஆகும்; அவ்வளவுதான். புதிதாக ஒரு துளிக் கழிவும் சேராவிட்டால் கூட, அது பாதியாவதற்கு ஏழு வாரம் பிடிக்கும். மீன்களோ அந்த ஏழு வாரமும் உண்ணாவிரதம் இருக்கப் போவதில்லை.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பவளப் பாறை என்பது சுண்ணாம்பு. தண்ணீரில் பாஸ்பேட் ஏறும்போது சுண்ணாம்பு அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீரில் குறைந்தால் திருப்பிக் கொடுக்கும். ஆகவே இன்று நீங்கள் தண்ணீரைச் சுத்தமாக்கினாலும், மாதக்கணக்கில் சேமித்து வைத்ததைப் பாறை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தாடி அந்தப் பாறை மேலேயே வேர் பிடித்தாற்போல் உட்கார்ந்திருப்பதால், வெளிவருவதை வாசலிலேயே வாங்கிக்கொண்டுவிடும். தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "பாஸ்பேட் இல்லவே இல்லையே! பாசி மட்டும் எப்படி வளர்கிறது?" என்று திகைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சோதனையில் அகப்படாததற்குக் காரணம், அதைப் பாசி ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டதுதான். இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். பொறுமையை மட்டும் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

நுரைக்கும் கருவி ஒன்று உண்டு, ஸ்கிம்மர் என்பார்கள். வெல்லப் பாகு கொதிக்கும்போது அழுக்கெல்லாம் நுரையோடு மேலே வர, கரண்டியால் வழித்து எடுப்பீர்களே, அதே தந்திரம்தான். நுண்ணிய காற்றுக் குமிழிகளை உப்புத் தண்ணீரில் செலுத்தினால், கழிவுப் பொருள்கள் அழுகி உரமாவதற்கு முன்பே குமிழிகளில் ஒட்டிக்கொண்டு கிண்ணத்தில் வந்து சேரும். அந்தக் கிண்ணத்தைக் கழுவும் வேலையை மட்டும் வேலைக்காரியிடம் விடாதீர்கள், மறுநாள் வரமாட்டாள். அப்படி ஒரு வாடை! இரும்புத் துருவை மணி மணியாகச் செய்து பாஸ்பேட்டை உறிஞ்சவிடும் வழியும் இருக்கிறது. நல்ல பலன் தரும். ஆனால் ஒரே நாளில் கை நிறைய அள்ளிப் போட்டால், திடீரென்று பட்டினி கண்ட பவளங்கள் வெளிறிப் போகும்.

யார் வந்திருக்கிறார் என்று பாருங்கள்

"பாசி" என்று ஒரே பெயரால் சொல்கிறோமே தவிர, வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ஜாதி அல்ல. ஆளுக்கு ஏற்ற உபசாரம் செய்ய வேண்டும்.

புதிதாக வைத்த தொட்டியில், முதல் சில வாரங்களில், மணல் மேல் தேயிலைத் தூள் தூவினாற்போலப் பழுப்பாகப் படிந்தால் பயப்பட வேண்டாம். அவை டயட்டம் என்னும் நுண்ணுயிர்கள். கண்ணாடிச் சத்தினால் வீடு கட்டிக்கொள்கிற அழகான ஜந்துக்கள்; சரக்குத் தீர்ந்ததும் தாமே போய்விடும். ரத்தச் சிவப்பில் ஜவ்வு மாதிரிப் படர்ந்து, கையால் உரித்தால் தோலாக வருவது பாசியே அல்ல, ஒரு பாக்டீரியா. பூமியில் நாம் சுவாசிக்கும் பிராணவாயுவை முதன்முதலில் உண்டாக்கிக் கொடுத்தவர்கள் இந்த வம்சத்தார்தான். ஆகையால் கொஞ்சம் மரியாதையுடனேயே, ரப்பர்க் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே அனுப்புங்கள். தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கும் மூலைகளில்தான் இது குடியேறும். பம்பின் முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் பாதி உபத்திரவம் குறையும்.

பாறை இடுக்கில் பச்சைக் கண்ணாடிக் கோலி மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தால் அது வலோனியா. இதைப் பற்றி ஒரு நிமிஷம் சொல்ல வேண்டும். உங்கள் உடம்பில் கோடானுகோடி உயிரணுக்கள் இருக்கின்றன. ஒன்றையாவது வெறுங்கண்ணால் பார்க்க முடிகிறதா? இந்தக் கோலி முழுவதும் ஒரே ஓர் உயிரணு! அந்தக் காலத்து மாலுமிகள் இதற்கு "மாலுமியின் கண்விழி" என்று பேர் வைத்தார்கள். விஞ்ஞானிகள் இதன் சுவரைப் பல காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். எவ்வளவு அதிசயமானாலும் தொட்டியில் பெருகினால் தொல்லைதான். இதைத் தொட்டிக்குள் வைத்து உடைக்காதீர்கள். உள்ளே இருக்கும் வித்துக்கள் சிதறலாம். பாறையை வெளியே எடுத்து, கத்தி முனையால் அடியோடு நெம்பி எடுப்பதே உத்தமம். மரகத நண்டு என்று மேற்கிந்தியத் தீவுப் பக்கத்திலிருந்து ஒரு பச்சை நண்டு வருகிறது. அதற்கு இந்தக் கோலி கொழுக்கட்டை மாதிரி.

தாடிக்கு வருவோம். பாறையை வெளியே எடுத்து, தொட்டியிலிருந்தே எடுத்த தண்ணீர் உள்ள வாளியில் வைத்துத் தேய்க்க வேண்டும். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் அறுந்த துண்டு ஒவ்வொன்றும் போகுமிடமெல்லாம் குடித்தனம் போட்டுவிடும். குழாயடியில் வைத்துத் தேய்த்தாலோ, பாறையின் துவாரங்களில் வாழ்ந்துகொண்டு மீன் கழிவின் விஷத்தை முறிக்கும் நல்ல பாக்டீரியாக்கள் செத்துப்போகும். பாசிக்கு வைத்த குறி மீனைப் போய்த் தாக்கும்!

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். "என்ன பிரமாத வித்தை! பாறையை ஓர் அண்டாவில் போட்டு அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் எல்லாம் ஒழிந்துபோகிறது" என்று தோன்றும். செய்யவே செய்யாதீர்கள். பாறைகளில் பொத்தான் பூ மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் சில பவளவகை ஜந்துக்களின் உடம்பில் பாலிடாக்ஸின் என்ற விஷம் உண்டு. கடலில் கிடைக்கும் விஷங்களில் மகா கொடியது அது. கொதிக்க வைக்கும்போதும், வெந்நீர் ஊற்றிச் சுரண்டும்போதும் ஆவியோடு கிளம்பி மூச்சில் கலந்துவிடும். 2018-ம் வருஷம் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுஷையரில் ஒரு வீட்டில் மீன் தொட்டியிலிருந்து பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்தார்கள். அந்தக் குடும்பத்தார் மட்டுமல்ல, உதவிக்கு வந்த தீயணைப்புப் படையினர் சிலரும் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. கையில் உறை, கண்ணுக்குக் கண்ணாடி, திறந்த ஜன்னல், பச்சைத் தண்ணீர்: இந்த நாலும் இல்லாமல் பாறையைத் தொட வேண்டாம். சமையலறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

சம்பளம் இல்லாத வேலைக்காரர்கள்

1850-ம் வருஷம் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் ஒரு கண்ணாடித் தொட்டியில் தங்க மீனையும் நீர்ச் செடியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். செடி பிராணவாயு கொடுக்கும், மீன் கரியமில வாயு கொடுக்கும், இரண்டும் சுகமாக வாழும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் செடியின் அழுகலும் பச்சைப் பாசியும் கண்ணாடியை மூடத் தொடங்கின. அவர் என்ன செய்தார் தெரியுமா? சில குளத்து நத்தைகளைப் பிடித்து வந்து உள்ளே விட்டார். கண்ணாடி தெளிந்துவிட்டது! பிறகு கடல் நீரிலும் அதே முறையைச் சோதித்தார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொது ஜனங்களுக்காக மீன் காட்சிசாலை திறந்தார்கள். சென்னை மெரீனாவில் 1909-ல் ஒன்று வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை நத்தைக்கு உத்தியோகம் போகவில்லை.

கடல் தொட்டிக்கு டர்போ, ட்ரோகஸ் என்ற நத்தைகள் நல்ல உழைப்பாளிகள். டர்போ கொஞ்சம் முரடு; போகிற வழியில் பவளத்தையெல்லாம் தள்ளிவிட்டுப் போகும். ட்ரோகஸ் மல்லாந்து விழுந்தாலும் தானே எழுந்துகொள்ளும். அஸ்ட்ரேயா என்று ஒரு ஜாதி உண்டு. அதற்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. விழுந்த இடத்திலேயே கிடந்து உயிரை விடும். தினம் ஒரு தடவை பார்த்து நிமிர்த்தி வைக்க வேண்டும். மீன்களில், நம் மீனவர்கள் ஓரா என்று சொல்லும் மீனின் குடும்பத்தார் பாசி தின்பதில் கெட்டிக்காரர்கள். குழம்புக்கு வாங்குகிறோமே, அந்தக் குடும்பம்தான். அதிலேயே மஞ்சள் பட்டு உடுத்தினாற்போல ஓர் அழகன் தொட்டிகளுக்கு வருகிறான். அவன் முதுகு முள் குத்தினால் கடுகடுவென்று கடுக்கும், ஜாக்கிரதை! இரண்டடித் தொட்டிக்கு இவனெல்லாம் ஆகாது. ஓடி ஆடி மேய ஐந்தாறு அடியாவது வேண்டும். கடல் முயல் என்ற ஜந்து ஒரு வாரத்தில் தாடியைச் சுத்தமாக மழித்துவிடும். அப்புறம் தின்ன ஒன்றுமில்லாமல் பட்டினியால் சாகும். ஆகவே வேலை முடிந்ததும் அதை இன்னொரு நண்பருக்குக் கொடுத்துவிடுவது தர்மம்.

கருப்பாக, தையல் ஊசியை விட நீளமான முட்களுடன் கடல் முள்ளெலி ஒன்று உண்டு. தொட்டியில் வைத்தால் கைபடும்போதெல்லாம் குத்தும். இந்த முள்மூட்டை எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதை மனிதர்கள் தெரிந்துகொண்டது, அது இல்லாமல் போன பிறகுதான்.

மேற்கிந்தியத் தீவுகளில் ஜமைக்கா என்ற நாடு. அதைச் சுற்றியுள்ள பவளத் திட்டுகளில் பாசி தின்னும் பெரிய மீன்களை மனிதர்கள் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். பாசி மேயும் வேலை முழுவதும் இந்த முள்ளெலிகளின் தலையில் விழுந்தது. அவையும் சளைக்காமல் செய்துவந்தன. 1983-ம் வருஷம் ஜனவரி மாதம், பனாமாக் கால்வாயின் வாசலருகே முள்ளெலிகள் சாகத் தொடங்கின. பதின்மூன்று மாதத்துக்குள் கரிபியன் கடல் முழுவதும் கொள்ளை நோய் பரவி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மாண்டுபோயின. அதற்கப்புறம் ஜமைக்காவில் நடந்தது உங்கள் தொட்டியில் நடந்ததேதான். 1970-களின் கடைசியில் கடலடித் தரையில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் மூடியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அது நூற்றுக்கு ஐந்தைவிடக் குறைந்தது. பாசியோ நூற்றுக்கு நாலிலிருந்து தொண்ணூறுக்கு மேலே போய்விட்டது. புயலும் சேர்ந்து அடித்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் புயலில் உடைந்த பவளம் மறுபடி முளைக்க இடமில்லாமல் செய்தது பாசிதான். கொஞ்சம் கொஞ்சமாக முள்ளெலிகள் தேறி வரும்போது, 2022-ல் மறுபடியும் ஒரு சாவு. இந்தத் தடவை கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர் ஒன்றுதான் காரணம் என்று மறுவருஷமே கண்டுபிடித்துச் சொன்னார்கள். சில ஆராய்ச்சி நிலையங்களில் இப்போது முள்ளெலிக் குஞ்சுகளை வளர்த்துக் கடலில் விடுகிறார்கள். நம் வீட்டில் அரை டஜன் நத்தைக்கு விலை பேசுகிறோமே, அதே வியாபாரம்தான் அங்கே சமுத்திர அளவில் நடக்கிறது.

இனி இதற்கு நேர் விரோதமான ஒரு கோளாறு. சிலர் சுத்த சுயம்பிரகாசம். தீனியை நிறுத்தி, துரு மணிகளைக் கொட்டி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் என்று சோதனையில் பார்த்துப் பூரித்துப்போகிறார்கள். சில வாரத்தில் மணல் மேலும் பாறை மேலும் மூக்குச் சளி போலப் பழுப்பாக ஏதோ தொங்குகிறது; உள்ளே காற்றுக் குமிழிகள். இரவில் குறைகிறது, பகலில் கூடுகிறது. நத்தைகள் அதைத் தின்று ஒவ்வொன்றாகச் சாகின்றன. இவை டைனோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் நுண்ணுயிர்கள். மற்றப் பாசிகள் எல்லாம் பட்டினியால் ஒழிந்ததும், காலி மனையில் குடியேறுகிற ரௌடிகள். இவற்றுக்கு வைத்தியம் தலைகீழ்! தீனியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். உரத்தைச் சற்றே ஏற விட வேண்டும். மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடி இருட்டாக்க வேண்டும். தண்ணீரை நீலலோகிதக் கதிர் விளக்கினூடே செலுத்தினால் சில ஜாதிகள் மடியும். தரித்திரமும் ஓர் அளவோடுதான் இருக்க வேண்டும் போலிருக்கிறது!

மருந்து ஏதும் இல்லையா என்பீர்கள். உண்டு. மனிதர்களுக்குக் காளான் நோய்க்குக் கொடுக்கும் ஃப்ளுகனஸோல் மாத்திரையைப் போட்டு, சீப்பு மாதிரி வளரும் பிரயாப்ஸிஸ் என்ற பிடிவாதக்காரப் பாசியைச் சிலர் ஒழித்திருக்கிறார்கள். அது கடைசி அஸ்திரம். பாசி ஒரேயடியாகச் செத்தால் அழுகும். அழுகினால் தண்ணீரிலுள்ள பிராணவாயு குறைந்து ராத்திரியோடு ராத்திரியாக மீன்கள் மிதக்கும். பாசி செத்து வெளிவிடும் உரத்தில் அடுத்த பாசி முளைக்கும். கையால் எடுத்தது போக மிச்சத்துக்குத்தான் மருந்து.

அதைவிட ரசமான வழி ஒன்று இருக்கிறது: முள்ளை முள்ளால் எடுப்பது. அமெரிக்காவில் ஸ்மித்ஸோனியன் நிலையத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி, பாசியை ஒழிப்பதற்குப் பதிலாக அதற்குத் தனி வீடு கட்டிக் கொடுத்தார். ஒரு வலைத் திரை, அதன் மேல் பலமான வெளிச்சம், சலசலவென்று ஓடும் தண்ணீர். தொட்டியில் உள்ள உரத்தையெல்லாம் அந்தத் திரையில் வளரும் பாசி தின்றுவிடும். வாரம் ஒரு முறை சுரண்டி எடுத்தால் உரமும் வெளியேறிவிடும். வீட்டில் வைத்திருப்பவர்கள் தொட்டிக்கு அடியில் ஒரு சின்ன அறையில் கீட்டோ என்ற பாசியை வளர்க்கிறார்கள். பார்வைக்குச் சிக்குப் பிடித்த பச்சை நைலான் கயிறு மாதிரி இருக்கும். பெரிய தொட்டியில் விளக்கு அணைந்ததும் இதற்கு விளக்கு ஏற்றினால் போதும்.

சுரண்டியாயிற்று. வாளி நிறையப் பாசி. இதை எங்கே கொட்டுவது? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லாததால் ஒரு கடலே கஷ்டப்பட்டது.

மொனாக்கோவின் பச்சைக் கம்பளம்

கௌலெர்ப்பா என்று ஒரு பாசி. இறகு இறகாக, பச்சைப் பட்டில் வேலைப்பாடு செய்தாற்போல இருக்கும். வலோனியா கோலி அளவு என்றேனே, இதுவும் ஒரே ஓர் உயிரணுதான்; ஆனால் கொடியாகப் பல அடி ஓடும்! வெப்பக் கடலில் பிறந்தது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து மீன் காட்சிசாலையில் இதை வளர்த்து வந்தார்கள். குளிர்ந்த நீரையும் தாங்கும் ஒரு வர்க்கம் அங்கே உண்டாயிற்று. அழகாக இருக்கிறதே என்று மற்றக் காட்சிசாலைகளுக்கும் கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்று மத்தியதரைக் கடலின் கரையில், செங்குத்தான பாறை மேல் நிற்கும் மொனாக்கோ கடலியல் மியூசியம்.

1984-ல் அந்த மியூசியத்தின் ஜன்னல்களுக்குக் கீழே, கடலில், ஒரு சதுர மீட்டர் பரப்பில் இந்தப் பாசியைக் கண்டார்கள். ஓர் ஆள் ஒரு மத்தியானத்தில் பிடுங்கி எறிந்திருக்கலாம். யாரும் பிடுங்கவில்லை. 1989-ல் அது ஒரு ஹெக்டேர் ஆகியிருந்தது. நீஸ் சர்வகலாசாலையின் பேராசிரியர் அலெக்ஸாந்த்ர் மெய்னெஸ் அபாய அறிவிப்புச் செய்தார். மியூசியத்தார் எங்கள் தொட்டியிலிருந்து போனதல்ல என்றார்கள்; இயற்கையாக வந்தது என்றார்கள். பெரிய மனிதர்கள் பத்திரிகைகளில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பாசி யாருடைய தீர்ப்புக்கும் காத்திராமல் படர்ந்துகொண்டிருந்தது. உடம்பில் ஒரு விஷச் சத்து இருப்பதால் பெரும்பாலான மீன்கள் அதைத் தின்னவில்லை. நங்கூரங்களிலும் வலைகளிலும் தொற்றிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் பிரயாணம் செய்தது. ஈரமான நங்கூர அறையின் இருட்டில் தண்ணீர் இல்லாமல் பத்து நாள் உயிரோடு இருக்கும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. 2000-ம் வருஷத்துக்குள் ஆறு நாடுகளின் கரைகளில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரப்பில் பரவிவிட்டது. பிற்காலத்தில் பல இடங்களில் அது தானாகவே குறைந்துபோயிற்று என்பது ஆறுதல்.

2000-ம் வருஷம் ஜூன் மாதம் அமெரிக்காவில் கலிபோர்னியாவில், சான்டியாகோவுக்கு வடக்கே ஒரு காயலில் அதே பாசி தலைகாட்டியது. வீட்டுத் தொட்டி ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. மொனாக்கோவின் கதையைப் படித்திருந்த அதிகாரிகள் ஒரு நாளும் வீணாக்கவில்லை. முக்குளிப்பவர்கள் இறங்கிப் பாசி மேல் தார்ப்பாயை விரித்து, ஓரங்களை அடைத்து, உள்ளே குளோரினைச் செலுத்தினார்கள். ஆறு வருஷம் தேடித் தேடி அழித்து, 2006-ல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். செலவு எழுபது லட்சம் டாலருக்கு மேல்! மறுவருஷமே, அதாவது 2001-லேயே, கௌலெர்ப்பாவில் பல ஜாதிகளை அந்த ராஜ்யத்தில் யாரும் வைத்திருக்கக் கூடாது என்று சட்டமும் வந்துவிட்டது.

நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகளைச் சுற்றிப் பவளம் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் பக்கத்துக் காப்பாஃபைகஸ் என்ற பாசியை வியாபாரத்துக்காக மண்டபம் பகுதியில் வளர்த்தார்கள். அது தொட்டிப் பாசி அல்ல, பயிர். கரையோரப் பெண்கள் பலருக்குச் சோறு போட்ட பயிர். அதை மறக்கக் கூடாது. ஆனால் அது குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்து மூடியிருப்பதாக 2008-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். பிறகு ஆட்களை விட்டுக் கையால் பிடுங்க வேண்டியதாயிற்று. பிடுங்கும்போது அறுந்த துண்டு மறுபடி தழைக்கும். உங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலையை நடுக்கடலில் செய்து பாருங்கள்!

அதே கடலைப் பற்றி இன்னொரு வார்த்தை. "ராமேசுவரம் போகிறேன், தொட்டிக்கு நாலு பவளக் கல் கொண்டு வருகிறேன்" என்று நண்பர் சொன்னால் தடுத்துவிடுங்கள். பாறை கட்டும் பவளம் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலிக்குச் சமானம். உயிரோடு இருந்தாலும் செத்த கல்லானாலும் எடுப்பது குற்றம். செயற்கையாக வார்த்த கற்கள் கடைகளில் கிடைக்கின்றன. பாஸ்பேட் மூட்டையும் அவற்றில் இராது.

இப்போது அந்த வாளி. சாக்கடையில் கொட்டாதீர்கள், சாக்கடை கூவத்துக்கும் கூவம் கடலுக்கும் போகிறது. பீச்சுக்குப் போகும்போது கடலிலேயே போட்டுவிடலாம் என்ற யோசனை எல்லாவற்றிலும் மோசம். பாசியைப் பிழிந்து, மொட்டை மாடியில் ஒரு பழைய தகரத் தட்டில் பரப்பி, சித்திரை வெயிலானால் இரண்டு நாள், மார்கழியானால் ஐந்தாறு நாள், வடகம் மாதிரி மொறுமொறுவென்று காயும் வரை விடுங்கள். வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி சலவைத் தூள் போட்டு ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள். காய்ந்த பாசியைக் குப்பைக்கு அனுப்பலாம். கொல்லையில் தென்னை இருந்தால் குப்பைக்குக் கூட அனுப்ப வேண்டாம். அடிமரத்தைச் சுற்றிப் புதைத்துவிடுங்கள். உப்பு இருக்கிறதே என்று தென்னை கோபித்துக்கொள்ளாது.